பொன்னிழைச் சாய்சதுரம்

ஹார்லன் போஸ்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும், தேவாலயத்துக்கு உடுத்திச் சென்ற கோட்டைக் கழற்றாமலேயே கார் ஷெட்டுக்குள் போவார். குளிர்காலத்தில் அது அவருடைய மாறாத வழக்கம். ஓடாமல் நிற்கும் பழைய இயந்திரம் குளிரில் இறுகிவிடும் என்பதால் அதைச் சற்று நேரம் ஓடவிடுவார். மேலே தூக்கும் மரக்கதவை முழங்கால் உயரத்துக்கு மட்டும் உயர்த்தி வைப்பார். புகை வெளியேற அது போதும், பனி உள்ளே வராமலிருக்கவும் அது போதும். பிறகு முன் இருக்கையில் சாய்ந்துகொண்டு வானொலியைத் திருகுவார். பிரசங்கத்தின்போது தின்னாமல் சட்டைப்பையில் மிச்சம் வைத்த பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, சூப் சூடாகிவிட்டதென்று மனைவி ஆர்டிஸ் அழைக்கும்வரை கண்ணயர்வார். எங்கள் தெருவில் இதை அறியாதவர் எவரும் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அவர் ஒழுங்கான மனிதர் என்பது உங்கள் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்பதே. அவரைக் குறித்து நான் கசப்போடு பேசியதாக நீங்கள் எழுதிவிடக் கூடாது, கெய்ல். பள்ளியில் உங்கள் ஆசிரியராக உங்களை ஒருமையில் அழைத்தேன். இன்று மேசைக்கு அந்தப் பக்கம் ஷெரிஃப் அலுவலகத்தின் காவல் சீருடையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே மரியாதையோடுதான் பேசுவேன். கார்னீலியஸ் வீன்ஸ்ட்ரா என்ற என் பெயரை முழுமையாக எழுதுங்கள். வகுப்பில் நான் சொன்ன விலங்குக் கதைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். பொய் சொன்ன மாணவனை நான் ஒருபோதும் அடித்ததில்லை. ஒரு கதை சொல்வேன். அவன் தானே தலைகுனிவான்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் பகுதியின் பழங்கார்ச் சங்கத்தில் என்னைத் தீர்ப்பாளராக்கினார்கள். மற்றவர்கள் காரின் பின்பக்கத்தில் சிறகுபோல் நீளும் தகடுகளையும் முன்பக்கத்தில் பல்வரிசைபோல் மின்னும் குரோமியக் கம்பிகளையும் பார்ப்பார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பவன். இருக்கைத் துணி, கதவின் உட்புறத் துணி, கூரைத் துணி, விளிம்பில் ஓடும் பட்டி ஆகியவையே என் பொறுப்பு. அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் கார் வாங்கப் போனால் கணவர் இயந்திரத்தின் மூடியைத் திறப்பார். மனைவி விற்பனையாளரின் மேசைமீதிருந்த துணி மாதிரி ஆல்பத்தைத் திறப்பார். சாம்பல் துணியில் வெள்ளி மழைக்கோடு, கறுப்பில் செம்புப் பொட்டு, தந்த நிற வினைல் விளிம்போடு நீலப்பச்சையில் பொன்னிழை என்று பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். அந்த வீட்டில் யார் சொல் எடுபட்டது என்பதை இன்றும் காரின் உள்ளே அமர்ந்து தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு காரிலும் இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சிறிய உலோகப் பட்டயம் அறையப்பட்டிருக்கும். கார் கட்டப்பட்ட மாதமும், வண்ணத்தின் எண்ணும், துணியின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். துணி எண்ணை எடுத்துக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினால் அதற்குரிய துண்டு கிடைக்கும். ஆல்பத்தில் இருப்பதும் காரில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் கார் உண்மை சொல்கிறது. வேறாக இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். நான் அப்படித்தான் எண்ணினேன். அந்த ஆல்பத்தின் அசல் பிரதி எங்கள் சங்கத்தில் என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது.

ஹார்லனின் கார் அவருடைய தந்தை புதிதாக வாங்கியது. அதை நீண்ட காலம் தார்ப்பாயின் கீழ் வைத்திருந்துவிட்டு, சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டில்தான் முதன்முறையாகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கு ஒரு பித்தளைக் கேடயம் தருவோம். அது அவருக்கு வேண்டியிருந்தது. தீர்ப்பாளர்கள் எதையும் தொடக்கூடாது என்பதால் நாங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்போம். நானும் அவ்வாறே குனிந்தேன். எண்ணின்படி நீலப்பச்சைத் துணியில் பொன்னிழை நட்சத்திரங்கள் சிதறியிருக்க வேண்டும். ஹார்லனின் இருக்கையில் இருந்தவை பொன்னிழைச் சாய்சதுரங்கள்.

"ஹார்லன், இந்தத் துணி எங்க வாங்கினது?" என்று கேட்டேன்.

"வாங்கினதா? எங்கம்மா பொறுக்கி எடுத்தது வாத்தியாரே. அப்பாவுக்குச் சாம்பக் கலர்தான் வேணும். அம்மா விடலையே. 'ஓட்டப்போறது நீங்க, உக்காந்து வரப்போறது நான்'னுட்டாங்க."

"ஆல்பத்துல நட்சத்திரம் இருக்கு. இங்க இருக்கறது வேற."

"அப்ப ஆல்பத்துக்கு மார்க்கக் கொறைங்க. நான் கொண்டாந்திருக்கறது காரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குற்றமுள்ள மாணவன்தான் முதலில் நகைச்சுவை பேசுவான் என்பது என் நெடுநாள் அனுபவம். மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவருடைய கார் முன்வரிசையிலிருந்து, மாற்றியமைக்கப்பட்ட கார்கள் நிற்கும் கடைசி வரிசைக்கு, பக்கவாட்டில் தீப்பிழம்பு வரைந்த ஒரு காருக்கு அருகில் தள்ளப்பட்டது. போகும்போது அவர் சிரிப்பை விட்டுவிட்டு, "கேடயம் கெடக்கட்டும் வாத்தியாரே. இது எங்கம்மா கைபட்ட துணி. பொய்னு மட்டும் எழுதிடாதீங்க," என்றார்.

நான் பொய் என்றுதான் எழுதினேன்.

அதன் பிறகு சின்னச் சின்னச் செய்திகள் என் கண்ணில் படத் தொடங்கின. ஆர்டிஸ் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதில் பெயர் பெற்றவர். அவருடைய தையல் அறை முழுவதும் துணிச்சுருள்கள். நான் போகும்போதெல்லாம் அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. காரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் ஆப்பிள் அடை எடுத்துவர எழுந்து போவார். ஹார்லன் என்னைப் பார்க்கும்போது கண்ணைச் சற்று நேரம் கூடுதலாக நிலைநிறுத்தினார்; வேறொரு நாள் சற்று முன்னதாகவே விலக்கிக்கொண்டார். இரண்டும் ஒரே பொருளையே தந்தன.

செப்டம்பரில் அவர்கள் ஐயோவாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போனார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுமாறு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்றார் ஹார்லன். என்மீது சந்தேகமில்லை என்று காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார் என எண்ணினேன். ஷெட்டைத் திறந்து, பென்சில் சீவும் கத்தியால் காரின் பின் இருக்கையின் அடிவிளிம்பில் தையலைப் பிரித்து, விரலகலத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். அதைத் தீக்குச்சியில் காட்டியபோது சாம்பலாகாமல் உருகி மணியாக உருண்டது. செயற்கை இழை. இந்தக் காலத்துத் துணி. எனக்கு மனநிறைவாக இருந்தது. பிரித்த இடத்தை மடித்து உள்ளே செருகிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

நவம்பரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கத்தின் விருந்து நடந்தது. பேச அழைத்தார்கள். நான் ஒரு கதை சொன்னேன். ரக்கூன் என்ற விலங்குகளின் விருந்துக்கு, அவற்றைப் போலவே வளையமிட்ட வால் உடையவர்களுக்கு மட்டுமே அழைப்பு. ஓர் அணிலுக்கு அங்கே போக ஆசை. அடுப்புக்கரியால் வாலில் வளையங்கள் வரைந்துகொண்டு, இது என் அம்மா கொடுத்த வால் என்று சொல்லிக்கொண்டு போய் அமர்ந்தது. விருந்து நடுவில் மழை வந்தது. அவ்வளவுதான் கதை.

அனைவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு மேசையை நோக்கித் திரும்புவதைக் கண்டேன். ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஹார்லன் உருளைக்கிழங்கு மசியலை மென்று விழுங்கிவிட்டு எழுந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. அணில் பேரையும் சொல்லிருந்தா கைதட்டிருப்பேன்."

"பேர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"சரி. ஏப்ரல்ல ஒஹையோலேர்ந்து ஒருத்தர வரவழைக்கறேன். பெரிய சங்கத்து ஆளு. துணியப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. அவர் வந்து பாத்துச் சொல்லட்டும்."

"அவர் உங்களப் பொய்யர்னு சொன்னா?"

"உங்களத் தப்புன்னு சொன்னா?"

அந்தக் கேள்விக்கு நான் முக்கியத்துவம் தரவில்லை. என் கவலையெல்லாம் அவரைப் பற்றியதாகவே இருந்தது. அந்த ஒஹையோக்காரர் வருவார், ஊர் கூடும், துணி போலி என்பார். அந்த வயதில் ஒரு மனிதர், தாயின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவர் என்ற பழியோடு ஞாயிறுதோறும் தேவாலயப் படியேற வேண்டியிருக்கும். அவரால் தாங்க இயலாது. டிசம்பர் முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அழைப்பைத் திரும்பப் பெறுமாறு இருமுறை கேட்டேன். இரண்டு முறையும், "ஏன் வாத்தியாரே, ஒங்களுக்கு வேர்க்குது?" என்றே கேட்டார்.

ஏப்ரலுக்கு முன் அவர் இல்லாமற்போனால் நல்லவராகவே போவார். இந்த எண்ணம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வந்தபோது அது ஏற்கெனவே பழகிய எண்ணமாக இருந்தது. பல வழிகளை ஆராய்ந்து விலக்கினேன். அவர் பெரும்பாலும் காரிலேயே இருந்தார். இரத்தம் பட்ட பொன்னிழைத் துணியை எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது; இதை ஒரு தீர்ப்பாளனாகச் சொல்கிறேன். போலித் துணி என்றாலும் அதையும் ஒருவர் உட்கார்ந்து நெய்திருப்பார் அல்லவா.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. போதகர் அன்று நீளமாகப் பேசினார். வழிபாடு முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் போஸ்மா வீட்டின் பின்பக்கச் சந்து வழியாக நடந்தேன். இயந்திரத்தின் ஓசை சீராகக் கேட்டது. அவர் அதை நன்றாகப் பராமரித்திருந்தார். கதவின் இடைவெளியில் குனிந்து பார்த்தேன். வானொலியில் ஒரு பாடற்குழு பாடிக்கொண்டிருந்தது. ஹார்லனின் தாடை மார்பில் படிந்திருந்தது. உள்விளக்கின் வெளிச்சத்தில் இருக்கையின் சாய்சதுரங்கள் அவருடைய தோளைச் சுற்றிலும் மினுங்கின. "ஹார்லன்" என்று அழைத்தேன். அவருடைய உறக்கம் கலையாத அளவுக்கு மெதுவாகவே அழைத்தேன். பிறகு கதவை இறக்கினேன். எண்ணெயிட்ட கதவு, ஒரு கையாலேயே இறங்கியது. அன்று கடுமையான குளிர்.

வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் குடித்தேன். உப்பு சற்றுக் குறைவாக இருந்தது.

ஹார்லன் புகையில் இறந்ததை விபத்து என்றே எழுதினீர்கள். உங்கள்மீது குறையில்லை, கெய்ல். கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினீர்கள். அடக்கத்துக்குப் பிறகு கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த பன்களும் காப்பியும் பரிமாறினார்கள். ஆர்டிஸ் தட்டைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அன்னிக்கு நான் குப்பைத் தொட்டிய வெளிய வச்சுட்டு அந்தப் பக்கமாத்தான் வந்தேன். மத்த நாள்ல கதவு தொறந்திருந்தா இறக்கிவிட்டுத்தான வருவேன். பழக்கதோஷத்துல நானே இறக்கிட்டேனோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல சார்," என்றார்.

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க ஆர்டிஸ்," என்றேன்.

நான் சொன்ன தொனியைக் கேட்டுப் போதகரே தலையசைத்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்டிஸ் கேட்டது தம்முடைய நினைவைப் பற்றி. அதற்கு நான் எப்படி விடை சொல்ல முடியும்? அதன் பின் அவர் மெலிந்துகொண்டே வந்தார். தையல் அறைக்குள் போவதில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நான் வாரந்தோறும் பழக்கூடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த ஜூன் மாதக் கண்காட்சிக்கு மஸ்கீகன் ஊரிலிருந்து வில்மா ஹைட்மா என்ற முதிய பெண்மணி ஒரு காரை ஓட்டிவந்தார். ஹார்லனின் காரைப் போன்றதே, எண்களும் அவையே. இருக்கைகளின்மேல் பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. அந்நாளில் எங்கள் பக்கத்தில் புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்றே துணி அழுக்காகாமலிருக்க அதை மாட்டிவிடுவார்கள். இவருடைய உறை மஞ்சளேறி மங்கிப்போயிருந்ததால் கீழே இருப்பது தெரியவில்லை.

"கழட்டிப் பாக்கறியா தம்பி?" என்றார் அந்த அம்மையார். "எங்க வீட்டுல ஒருத்தரும் இந்தத் துணி மேல உக்காந்ததே கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கு அவ்ளோ பயம். வெயில் காலத்துல தொடை ஒட்டிக்கும், எந்திரிச்சா தோலு உரிஞ்சு வரும். நாங்க வேகணும், துணி மட்டும் சொகமா இருக்கணும்."

அவரே உறையின் கொக்கிகளை விடுவித்து உரித்தார். நீலப்பச்சைத் துணி நேற்று நெய்ததுபோல வெளிப்பட்டது. அதில் பொன்னிழைச் சாய்சதுரங்கள் இருந்தன.

"ஆல்பத்துல நட்சத்திரம்ல இருக்கு," என்றேன்.

"எங்கிட்டயும் நட்சத்திரத்தத்தான் காட்டினான் கடைக்காரன். அதப் பாத்துத்தான் கேட்டேன். மே மாசம் வண்டி வந்து நிக்குது, பாத்தா வேற. விடுவேனா? சண்டைக்குப் போனேன். 'அந்த நெசவு குளிர்காலத்தோட தீந்துபோச்சும்மா, வசந்தத்துலேர்ந்து எல்லா வண்டிக்கும் இதுதான், நம்பர் மட்டும் மாத்தல'ன்னான். பழகினப்புறம் இதுவே புடிச்சுப்போச்சு. ஏன் தம்பி, ஒடம்பு சரியில்லையா? உக்காரு. துணி மேலயே உக்காரு, பரவால்ல."

ஆல்பம் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே அச்சிடப்பட்டது. ஹார்லனின் பட்டயத்தில் மாதம் மே என்று இருந்தது. அதை அந்த ஆகஸ்டுக் கண்காட்சியிலேயே என் கண்ணால் படித்திருந்தேன். துணியின் எண்ணைப் பார்க்கும் அவசரத்தில் மாதத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. தீயில் உருகிய இழைக்கும் விளக்கம் இருந்தது. நைலான் கலந்து நெய்யும் வழக்கம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஹார்லன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அன்று நான் மிகவும் வருந்தினேன், கெய்ல். நேர்மையான ஒரு மனிதரின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேனே என்று இரவு உணவைக்கூட ஒதுக்கிவைத்தேன்.

தவற்றை உணர்ந்தவன் அதைச் சரிசெய்ய வேண்டும். மறுநாளே சங்கத்தாரைக் கூட்டி, பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தீர்ப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். பித்தளைக் கேடயத்தில் ஹார்லனின் பெயரைப் பொறிக்கச் செய்து, ஆர்டிஸிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இத அவர் பாத்திருந்தா பாத்ரூம்லகூட மாட்டிருப்பாரு," என்று சொல்லி அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பின் இருக்கையில் நான் வெட்டியதையும் சொன்னேன். அதை நானே தைத்துத் தருகிறேன் என்றபோது அவர் மறுக்கவில்லை. மஸ்கீகன் அம்மையார் தம் காரின் இருக்கைக்கடியில் மடிந்திருந்த உபரித் துணியிலிருந்து விரலகலத் துண்டு ஒன்றைத் தந்திருந்தார். வளைந்த ஊசியும் நிறமொத்த நூலும் வாங்கிக்கொண்டு, சென்ற வியாழக்கிழமை அந்த ஷெட்டின் தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தைத்தேன். சாய்சதுரத்தின் முனையும் முனையும் பொருந்த வேண்டும், பொறுமையான வேலை. ஆர்டிஸ் காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, கதவுக்கு அருகில் ஒரு முக்காலியில் அமர்ந்தார்.

"நாளைக்கு ஷெரிஃப் ஆபீசுக்குப் போறேன் சார்," என்றார். "கதவ இறக்கினது நான்தான்னு எழுதிக் குடுத்துடப் போறேன்."

"ஞாபகம் வந்துடுச்சா?"

"வரல. ஆனா வேற யாரு சார் இருக்கா? நானும் அவரும்தான். நீங்க தப்ப ஒத்துக்கிட்டு எல்லார் முன்னாடியும் நின்னீங்கள்ல, அதப் பாத்ததும் எனக்கும் தோணிச்சு. சொல்லிட்டா தூக்கமாவது வரும்."

நூலின் கடைசி முடிச்சை இறுக்கும் நேரம் அது. முடிச்சு நழுவினால் முனைகள் விலகிவிடும். இறுக்கி, மிச்ச நூலை வெட்டினேன். வேலை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தையல் எங்கே இருக்கிறதென்று, இத்தனை போர்வைகள் தைத்த அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, ஹார்லனுக்கு நான் இழைத்த தவறுகள் இரண்டு. மதிப்பெண்ணைக் குறைத்தது ஒன்று, துணியை வெட்டியது மற்றொன்று. இரண்டையும் சரிசெய்துவிட்டேன். நீங்கள் அழைக்காமலேயே இன்று நான் இங்கு வந்தது வேறொரு காரணத்துக்காக. ஆர்டிஸ் எழுதிக் கொடுத்ததில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்தில் பிழை நிற்பதை நான் என்றும் அனுமதித்ததில்லை. கதவை இறக்கியவன் நான். அவர் உயிரோடு உறங்குகிறார் என்பதும், இறக்கினால் விழிக்கமாட்டார் என்பதும் தெரிந்தே இறக்கினேன். ஆர்டிஸ் அந்தக் கதவைத் தொடவே இல்லை என்று அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவர் உறங்க வேண்டும்.

நீங்கள் என் முன் வைத்த அவருடைய தாளைப் படித்தேன். திருத்தச் சிவப்பு மை கேட்டேன். நீலம்தான் இருக்கிறது என்றீர்கள், பரவாயில்லை. புதிதாக எதுவும் எழுதவேண்டியதில்லை. அவர் பெயருள்ள இடத்தில் என் பெயரை இட்டுவிட்டேன். கடைசி வரியில், 'ஹார்லன் யாருக்கும் தீங்கு நினையாதவர். இதைச் செய்தவளை அவர் மன்னித்திருப்பார்' என்று எழுதியிருக்கிறார். அதில் 'செய்தவளை' என்பதைச் 'செய்தவனை' என்று மாற்றியிருக்கிறேன். மற்றபடி அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.